எதிர்க்கடைப் பூட்டு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்ன மகராசன் யாரோ தெரியவில்லை. அவர் ஒரு வீட்டையாவது வாடகைக்கு விட்டுப் பார்த்திருந்தால் அதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார். நம்பிக்கை இல்லையென்றால் பேருந்து நிலைய வாசலில் சாவி போடும் கடை வைத்திருக்கிற நம் சாவிக்காரரைக் கேளுங்கள். அவருக்கு இன்று இரண்டு சிறிய வீடுகள் உண்டு. இரண்டிலும் குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள். அவர் மட்டும் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறார். "சொந்த வீட்டை ஊராருக்குக் குடுத்துட்டு ஊரார் வீட்ல ஒண்டிக்கிட்டிருக்கிற ஒரே ஆளு நீதான்யா" என்று பக்கத்து டீக்கடைக்காரர் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. முப்பது வருஷமாகப் பூட்டும் சாவியுமாகப் பிழைக்கிற மனிதர், தன் இரண்டு வீட்டுக் கதவிலும் போட்டிருப்பது தன் கடைப் பூட்டு அல்ல. சாலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற எதிர்க்கடைக்காரரின் பூட்டு. பதினொரு வருஷம் முகத்துக்கு முகம் பார்க்காமல் இருந்த அதே எதிர்க்கடைக்காரர்தான். அது எப்படி நடந்தது என்பதுதான் கதை.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெயிலில் நிற்க வேண்டும். சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, வெட்டாத சாவிகள் வரிசையாகத் தொங்கும் பலகை ஒன்று. உள்பக்கச் சுவரில் இன்னொரு சின்னப் பலகை உண்டு. அதில் தொங்குபவை எல்லாம் நிஜ வீடுகளின் சாவிகள். மைத்துனர் வீடு, தங்கை வீடு, டீக்கடை, தையல் கடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. சாவியைத் தொலைத்துவிட்டு நாக்குத் தள்ள ஓடி வருகிற வேண்டப்பட்டவர்களுக்காக அவரே ஒவ்வொன்று வெட்டி வைத்திருந்தார். "என்கிட்ட ஒண்ணு இருந்தா உங்களுக்குத்தானே நிம்மதி" என்பார். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில்தான் வினையே ஆரம்பித்தது என்று நான் சொல்லுவேன்.

அவர் மனைவி ஆயத்த ஆடை ஆலையில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்ப்பவர். ஊரே 'செக்கிங் அக்கா' என்றுதான் கூப்பிடும். ஒரு நூல் பிசிறு இருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுகிற கண். அந்தக் கண் வீட்டிலும் ஓய்வெடுக்காது, பாவம் நம் ஆள். ஆனால் வீடு வாங்கும் யோசனை முளைத்தது அந்த அக்காவின் தலையில்தான். முன்பு வேலை பார்த்த ஆலையை மூடியபோது கையில் கொடுத்த தொகையை அவர் தொடாமல் வைத்திருந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு மாறிய குடும்பம் அது.

"முன்பணத்துக்கு என் காசு இருக்கு. மீதிக்கு பேங்க்ல கடன் வாங்கலாம்" என்றார் செக்கிங் அக்கா.

"வாங்கி? ஊருக்கு அந்தக் கோடில இருக்கு. ரெண்டு பஸ் மாறி நான் எப்போ வந்து கடை திறக்கறது?"

"நாம ஏன் அங்க போகணும்? நாம குடி போனா தவணையை நாம கட்டணும். இன்னொருத்தரைக் குடி வெச்சா அவங்க வாடகையே தவணையைக் கட்டிடும். கொஞ்சம் துண்டு விழும், அதை நீங்க கடையிலேருந்து போடுங்க."

வீடு பார்க்கப் போனார்கள். பழைய கட்டடம், இரண்டாம் மாடி, ஒரு படுக்கையறை, சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. நம் ஆள் வாசலிலேயே நின்று பூட்டைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டைப் பாருங்க சார்னா பூட்டைப் பாக்கறாரே" என்று தரகர் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டைப் பார்த்தது அக்காதான். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை என்று போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். கீழ்வீட்டுக்காரர்களிடம் என்ன வாடகை கொடுக்கிறார்கள் என்று பேச்சுக் கொடுத்து வாங்கினார். பிறகுதான் சரி என்றார். பத்திரம் பதிவான அன்று இரண்டு பேரும் வெறும் தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் அக்கா அழுதுவிட்டார். பிசிறு எதுவும் கண்ணில் படாத முதல் நாள் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் வீடு ஏழு வாரம் காலியாக நின்றது. தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. அவசரத்துக்கு என்று ஒதுக்கியிருந்ததெல்லாம் அதிலேயே கரைந்தது. இனி இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் விற்றுத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் வந்து சேர்ந்தாள் ஒரு பெண். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தம் சோதிக்கிற வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வரும். தனியாக இருப்பவள் என்பதற்காகவே ஆறு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தியிருந்தார்கள். இவர்கள் கொடுத்தார்கள். அவளும் நிறையக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணா, நீங்க வீட்டுக்கு அடிக்கடி வருவீங்களா?"

"நான் எதுக்கும்மா வரப்போறேன்? ஒண்ணாம் தேதி கடையில வாடகையைக் குடுத்தாப் போதும்."

அவள் முகம் தெளிந்ததை அவர் பார்த்தார். ஏன் தெளிந்தது என்று யோசிக்கவில்லை. தன் கடையிலேயே இருப்பதில் நல்ல பூட்டாக எடுத்துக் கதவில் பொருத்தினார். சாவி மூன்று. இரண்டை அவளிடம் கொடுத்தார். மூன்றாவது உள்பலகையில், மைத்துனர் வீட்டுச் சாவிக்குப் பக்கத்தில் ஏறியது. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. பழக்கதோஷம்.

நாலு மாதம் தேன் போல ஓடியது. வாடகை சொன்ன தேதிக்கு வந்தது. ஐந்தாவது மாதம் வாடகை கொடுக்க வந்தபோது அவள் சொன்னாள்: "சமையல் ரூம் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு அண்ணா. ஞாயித்துக்கிழமை யாரையாவது அனுப்பறீங்களா? அன்னைக்கு நான் வீட்ல இருப்பேன்."

ஞாயிறு வரைக்கும் பொறுக்குமா அவருக்கு? ஒரு பூட்டு இறுக்கமாக இருந்தாலே தூக்கம் வராத கை அது. வியாழக்கிழமை அந்தப் பக்கமாக ஒரு வேலை. பலகையிலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அவள் வேலைக்குப் போயிருந்தாள். திறந்தார், உள்ளே போனார், குழாயின் வாஷரை மாற்றினார். போன கையோடு குளியலறைத் தாழ்ப்பாள் ஆடுவதைப் பார்த்து அதையும் இறுக்கினார். மழை வரும் போலிருந்தது. பால்கனியில் அவள் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஐயோ நனைந்துவிடுமே என்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் குவித்தார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் சிரிப்பு வேறு, அவள் வந்து பார்த்து எப்படி ஆச்சரியப்படுவாள் என்று.

மறுநாள் காலை அவர் கடையைத் திறக்கும் முன்பே அவள் வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அண்ணா, பூட்டை மாத்தணும். இன்னைக்கே மாத்தணும். நான் இல்லாதப்போ யாரோ வீட்டுக்குள்ள வந்திருக்காங்க."

"யாரோவா?"

"எதுவும் திருடு போகலை. அதான் பயமா இருக்கு. என் துணியெல்லாம் எடுத்து நாற்காலியில வெச்சிருக்கான். பாத்ரூம் தாழ்ப்பாளைத் தொட்டிருக்கான். நேத்து ராத்திரி கதவுக்கு நேரா மேசையை இழுத்துப் போட்டு, அதுமேல உக்காந்தே இருந்தேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நம் ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அட, நான்தாம்மா அது! குழாயைச் சரி பண்ண வந்தேன். இப்போ சொட்டுதா பாத்தியா? இதுக்குப் போயா இப்படிப் பயந்தே?"

அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்குப் பின்னால் தொங்கிய பலகையையும், அதில் தன் வீட்டுச் சீட்டோடு இருந்த சாவியையும் பார்த்தாள். அவள் குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

"வரமாட்டேன்னு சொன்னீங்களே அண்ணா. மாசக் கடைசியில நான் காலி பண்ணிடறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுக்க அவர் வெட்டிய சாவி ஒன்றும் பூட்டில் சேரவில்லை. மூன்று பேர் திரும்பி வந்து திட்டினார்கள்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "நல்லதுக்குக் காலமே இல்ல! ஆறு பேர் வீடு குடுக்காதப்போ நான் குடுத்தேன். காசு வாங்காம குழாயை மாத்தினேன். மழையில நனையாம துணியை எடுத்து வெச்சேன். என்னவோ திருடன் மாதிரி பாக்கறா. போகட்டும், போனாப் போகட்டும்! நான் என்ன தப்பு பண்ணேன்?"

செக்கிங் அக்கா சாப்பாட்டுத் தட்டை வைத்தார். பதில் சொல்லாமல் எதிரே உட்கார்ந்தார். அக்கா அமைதியாக இருந்தால் சட்டை திரும்பி வரப்போகிறது என்று அர்த்தம்.

"நம்ம மூணாவது வீடு ஞாபகமிருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"வீட்டுக்காரர் தண்ணித்தொட்டி பாக்கணும், விளக்கு பாக்கணும்னு கதவைத் திறந்துகிட்டு வந்துடுவாரு. ஒரு நாள் நான் குளிச்சிட்டு வந்து தலை துவட்டிக்கிட்டு நிக்கறேன், அவர் நடுக்கூடத்துல நிக்கறாரு. 'நல்லதுக்குத்தாம்மா வந்தேன், ஓட்டைக் குழாய் இருக்கான்னு பாக்க'ன்னாரு. அன்னைக்கு நீங்க என்ன பண்ணீங்க?"

அவர் கையில் எடுத்த வாய்ச்சோறு தட்டிலேயே இறங்கியது.

அவர் என்ன செய்தார் என்று நான் சொல்லுகிறேன். அப்போது அவர் சாவிக்காரர் இல்லை, மரக்கடையில் சுமை இறக்குகிறவர். அன்றைக்கு மாலையே கடன் சொல்லி ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் வாங்கி வந்தார். பூட்டைப் பற்றி அரிச்சுவடி தெரியாது. கையைக் கிழித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் போராடி, உள்பக்கம் அதைப் பொருத்தினார். "இனிமே எவனும் வரமாட்டான்" என்று மனைவியிடம் சொன்னார். அவர் வாழ்நாளில் மாட்டிய முதல் பூட்டு அதுதான். இந்தத் தொழிலுக்கே வந்தது அந்தத் தாழ்ப்பாளால்தான். வீட்டுக்காரர் ஒருவரை வெளியே நிறுத்துவதற்காகத் தொழில் கற்றுக்கொண்ட மனிதர், தானே வீட்டுக்காரர் ஆனதும் முதல் வேலையாக உள்ளே போய் நின்றிருக்கிறார்!

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?" என்றார் அக்கா. "அவர் பண்ணா தப்பு, நீங்க பண்ணா உதவி. அப்படித்தானே?"

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பெண் மேசைமேல் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் அவர் மனசுக்குள் இறங்கியது. தவணையும் வீடும்கூட அந்த நிமிஷம் நினைவுக்கு வரவில்லை, பிறகுதான் வந்தன. அவள் போனால் அடுத்த ஆள் கிடைப்பதற்குள் வீடு கையை விட்டுப் போய்விடும். மனைவியின் இருபது வருஷத்து உழைப்பு அந்தச் சுவர்களுக்குள் இருந்தது. "நான் என்ன செய்யட்டும், சொல்லு" என்றார். "சாவியை வெச்சிருந்தது நீங்க. யோசிக்கிறதும் நீங்களே யோசிங்க" என்று சொல்லி அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் புதுப் பூட்டும் கையுமாக அந்தக் கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். அவர் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"தப்பு என்னோடதும்மா. சாவி வெச்சிருந்ததே தப்பு. இது பிரிக்காத பெட்டி. மூணு சாவியும் நீயே வெச்சுக்கோ."

அவள் பெட்டியைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "நீங்க சாவி போடறவர் அண்ணா. உங்க கடைப் பூட்டுக்கு இன்னொரு சாவி வெட்ட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு நிமிஷம்" என்றார்.

அவர் படி இறங்கி வந்தார். முப்பது வருஷமாகச் சோறு போட்ட கைத்தொழில், அன்றைக்கு அவருக்கே எதிர்ச்சாட்சி சொல்லிவிட்டது. பேருந்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தார். இறங்கியவர் தன் கடைக்குப் போகவில்லை. சாலையைக் கடந்தார்.

எதிர்க்கடைக்காரருக்கும் இவருக்கும் என்ன பகை என்று கேட்டால் சிரிப்பீர்கள். பதினொரு வருஷத்துக்கு முன்பு இவர் 'நகரின் ஒரே சாவி நிபுணர்' என்று பலகை எழுதி மாட்டினார். மறுவாரமே அவர், 'அசல் கடை இதுவே, எதிரில் இருப்பது நகல்' என்று எழுதி மாட்டினார். அன்றோடு பேச்சு நின்றது. அப்படிப்பட்ட கடையின் வாசலில் நம் ஆள் போய் நின்றதும், டீக்கடைக்காரர் கையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ தரைக்குப் போனது.

"என் வீட்டுக்கு ஒரு பூட்டு போடணும்" என்றார் சாவிக்காரர்.

எதிர்க்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். "யாருக்கு? உனக்கா? ஏன், கையில சுளுக்கா?"

சாவிக்காரர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். குழாயைச் சொன்னார், துணியைச் சொன்னார், மேசையையும் சொன்னார். கேட்கக் கேட்க எதிர்க்கடைக்காரர் முகத்திலிருந்த கேலி இறங்கிப்போனது.

"எனக்கும் ரெண்டு பொண்ணு வெளியூர்ல வாடகைக்கு இருக்காங்க" என்றார். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "பூட்டு என்கிட்ட இருக்கறதுலேயே ஒஸ்தியா போடறேன். நீ வெட்டணும்னு நினைச்சாலும் கூட வர்ற சீட்டு இல்லாம இதுக்குச் சாவி உனக்குக் கிடைக்காது. ஆனா கூலி ரெட்டை."

"ஏன் ரெட்டை?"

"ஒண்ணு பூட்டுக்கு. இன்னொண்ணு, நீ என் கடைக்கு வந்ததை ஊர் பூரா சொல்லாம வாயை மூடிக்கிறதுக்கு."

வாயெல்லாம் ஒன்றும் மூடவில்லை. மாலைக்குள் பேருந்து நிலையம் முழுக்கத் தெரிந்துவிட்டது. "நிபுணரே, உங்க வீட்டுக்கு யார் பூட்டு?" என்று ஓட்டுநர்கள் வண்டியிலிருந்தபடியே கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாவி வெட்டினார். எதிர்க்கடைக்காரர் தன்னந்தனியாகப் போய், அந்தப் பெண்ணின் கண்ணெதிரே பூட்டை மாற்றி, சாவிகளை எண்ணி, சீட்டோடு அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தார். "நான் இங்க வர்றதுக்காக உங்க வீட்டு ஓனர் என் கடைப் படி ஏறினாரும்மா. அது என்ன பாடுன்னு எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்" என்று மட்டும் சொன்னாராம். அவள் யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

சாவிக்காரர் உள்பலகையையும் கழற்றினார். மைத்துனர், தங்கை, தையல் கடை, எல்லோருடைய சாவியையும் அவரவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். தங்கை மட்டும், "அப்பாடா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்" என்று வாங்கிக்கொண்டாள். அதையும் அவர் கேட்டுக்கொண்டார்.

ஒன்றாம் தேதி வந்தது. அவள் வந்தால் கையில் வாடகை இருக்குமா, காலி செய்த வீட்டின் சாவி இருக்குமா? காலையிலிருந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்துக்கு வந்தாள். பைக்குள் கையை விட்டாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மேசைமேல் சத்தம் கேட்கவில்லை. சாவியாக இருந்தால் சத்தம் கேட்குமே! திரும்பிப் பார்த்தார். வாடகை இருந்தது.

"குழாய் இப்போ சொட்டறதில்ல அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாடகைதான் அந்த மாதத் தவணை. அடுத்த மாதமும் அப்படியே, அதற்கடுத்த மாதமும் அப்படியே. அந்த வீடு இன்று அவர்கள் பேரில் நிற்கிறது என்றால் அவள் நின்றதால்தான் என்று செக்கிங் அக்கா யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவார். இரண்டாவது வீடு வாங்கிய கதையும் அந்த வீட்டின் தயவில் வந்ததுதான். அதற்கும் முதல் நாளே குடித்தனக்காரரைச் சாவிக்காரர் எதிர்க்கடைக்கு அனுப்பிவிட்டார். இப்போது இரண்டு கடைக்காரர்களுக்கும் நாலு மணி டீ ஒன்றாகத்தான். பலகைகள் மட்டும் இன்னும் இறங்கவில்லை, தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

போன மாதம் அவள் திடீரென்று ஒரு காலைவேளை கடைக்கு வந்தாள். கையில் ஒரு சாவியும் ஒரு பழைய சீட்டும் இருந்தன. பூட்டு வாங்கியபோது கூடவே வந்த சீட்டு அது. அதில் உள்ள எண் இல்லாமல் அந்தச் சாவிக்கு நகல் வெட்ட முடியாது.

"இதுக்கு ஒண்ணு வெட்டித் தரீங்களா அண்ணா?"

"எதிர்க்கடையில வெட்டிக்கோம்மா. நான் தொடறது சரியில்ல."

"நீங்களே வெட்டுங்க."

எண்ணைச் சொல்லி வெட்டாத சாவியை எதிர்க்கடையிலிருந்து வாங்கி வந்தார். இரண்டு நிமிஷ வேலைக்கு அன்று கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். பல்லுப் பல்லாக அரம் போட்டு, துடைத்து, இரண்டு சாவியையும் சீட்டையும் சேர்த்து அவள் பக்கம் தள்ளினார். அவள் பழையதையும் சீட்டையும் எடுத்துக்கொண்டாள். புதியதை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"அம்மாவுக்கு ஆபரேஷன். பத்து நாள் ஊருக்குப் போறேன். பால்கனிச் செடிக்குத் தண்ணி ஊத்தணும். இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"பத்து நாள் கழிச்சு வாங்கிக்கோ" என்றார்.

"வேணாம் அண்ணா. எப்பவும் இருக்கட்டும்."

முப்பது வருஷத்தில் அவர் வெட்டிய சாவிகளுக்குக் கணக்கே கிடையாது. ஒன்றுகூட அவரை அழ வைத்ததில்லை. அன்று அழுதார். டீக்கடைக்காரர் பார்த்தும் பார்க்காதது போல் அடுப்பைக் கிளறினார். அந்தச் சாவி கடைச் சுவரில் தொங்கவில்லை. செக்கிங் அக்கா அதை ஒரு துணியில் முடிந்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்தார்.

மறுநாள் இருவருமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்கள். இரண்டாம் மாடி ஏறியதும் அக்கா முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார், பூட்டில் நுழைக்கவில்லை. ஆள் இல்லாத வீட்டுக் கதவை இரண்டு முறை தட்டினார்.

"அவதான் ஊர்ல இல்லையே, யாரு வந்து திறக்கப்போறா?" என்றார் அக்கா.

"இரு" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம்தான் திறந்தார்.